ஹைப்பர் ஜாஸ்தி, ஹைப்போ கம்மி

இங்கிலீஷ் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியர். காலையில் போய் யாப்பிலக்கணம் நடத்துவேன். சாயங்காலம் வேங்கிக்காலில் இருக்கும் வாடகை வீட்டுக்குத் திரும்பி, காபி குடித்துவிட்டு, செய்தித்தாளில் சந்திப்பிழை கண்டுபிடித்துக் கோபப்படுவேன். ஒரு மனிதனுக்கு இதைவிட நிம்மதியான வாழ்க்கை இருக்க முடியாது. அதற்குள் இங்கிலீஷ் நுழைந்தது என் மனைவி வழியாக.

அவள் இந்த ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடி அண்ணாமலையில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, அந்த வீட்டில் முதன்முதலாக யூனிஃபார்ம் போட்டு வேலைக்குப் போனவள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று பேர். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் அவளோடு பேசிப் பார்த்துவிட்டு, வேலை தருகிறோம், நர்ஸுகளுக்கென்று இருக்கும் இங்கிலீஷ் தேர்வில் மட்டும் தேறிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று அந்தத் தேர்வு நாலு பகுதி. மூன்றில் தேறினாள். பேசுவதில் போய்விட்டது. பேசும் தேர்வை மட்டும் இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் கோட்டை விட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பேசும் தேர்வை எப்படி எழுத முடியும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். "எல்லாத்துலயும் தப்பு கண்டுபுடிக்காதீங்க" என்றாள்.

அவளுக்கு ஏன் அந்த வேலை மேல் அவ்வளவு ஆசை என்று ஒரு நாள் கேட்டேன். சம்பளம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "அங்க டாக்டர் தப்பா எழுதுனா நர்ஸு எதிர்ல நின்னு கேக்கலாமாங்க. கேக்கலைன்னாதான் தப்பாம்" என்றாள். இங்கே அவள் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் எனக்குத் தெரியும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் சொந்தக்காரர்களே பேசி முடித்துவிட்டதால் எங்களுக்குப் பேச மிச்சம் இல்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அவள் போனால் ஒருவர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தமிழாசிரியர்கூடப் போதும்.

முதல் தடவை ஏன் போயிற்று என்று ஆன்லைனில் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் கேட்டாள். உங்கள் இலக்கணம் சரி, சொல்வளம் சரி, ஆனால் நீளமான வார்த்தை வந்தால் எல்லா அசையையும் ஒரே பலத்தில் சொல்கிறீர்கள், கேட்கிறவருக்கு எது முக்கியம் என்று பிடிபடுவதில்லை, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றாராம் அந்த அம்மா. வார்த்தையை அசை அசையாகப் பிரித்துப் பழகச் சொன்னார்.

அசை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வீட்டில் அசை பிரிப்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்திருக்கிறது. அவனைக் கேட்காமல் யாரோ ஒரு அம்மாவிடம் போவதாவது என்று தோன்றியது.

"வார்த்தையச் சொல்லு" என்றேன்.

"ஃபீவர்."

"ஃபீ, வர். நேர் நேர். தேமா. அடுத்தது?"

"ஹாஸ்பிட்டல்."

"நேர் நேர் நேர். தேமாங்காய். இதுல இன்னா கஷ்டம்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். அரை மணி நேரத்தில் இன்ஜெக்‌ஷனும் தேமாங்காய் என்று நிறுவினேன். டேப்லெட் தேமா. கார்டியாலஜிஸ்ட் வந்தபோது ஒரு நிமிடம் யோசித்து, கார், டியா, லஜிஸ்ட், நேர் நிரை நிரை, கூவிளங்கனி என்று அறிவித்தேன். இதய வைத்தியர் ஒருவரை இவ்வளவு அழகாக அதுவரை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

அவள் போனில் பேச்சுப் பழகுவதற்கென்று ஒரு ஆப் இருந்தது. வார்த்தையைச் சொன்னால், அதை மணிமணியாக உடைத்துத் திரையில் காட்டும். சரியாகச் சொன்ன மணி பச்சை, தப்பாகச் சொன்னது சிவப்பு. கார்டியாலஜிஸ்டை அதில் போட்டோம். ஐந்து மணி வந்தது.

"மூணு தானே சொன்னீங்க?"

"நிரையை ரெண்டா ஒடச்சிருக்கான். அவனுக்கு நிரைன்னா இன்னான்னே தெரியல" என்றேன்.

இங்கிலீஷ்காரன் அசை ஒரு உயிருக்கு ஒன்று. நம்முடையதில் குறில் ஒன்று தனியாக நின்று தவிக்கக் கூடாது என்று பக்கத்து எழுத்தோடு சேர்த்துக் கையைப் பிடித்து நிற்க வைப்போம். எது நாகரிகம் என்று நான் கேட்டதற்குப் போன் பதில் சொல்லவில்லை. மூன்றாக உடைத்தாலும் ஐந்தாக உடைத்தாலும் பரவாயில்லை, உடைத்ததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னால் போதும் என்று சமாதானத்துக்கு வந்தேன். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

ஐந்து மணியில் நடு மணி மட்டும் பெரிதாக இருந்தது. கார், டி, ஆ, ல, ஜிஸ்ட். அந்த ஆவில் மட்டும் குரல் ஏறி நின்று, மற்ற நாலும் பட்டும் படாமலும் போக வேண்டுமாம். முதலில் வருகிற கார், அதை நம்பித்தானே வார்த்தையே கிளம்புகிறது, அதைக்கூட மெதுவாகத்தான் சொல்ல வேண்டுமாம்.

இதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய மாத்திரையைக் கொடு என்று வகுப்பு வகுப்பாகக் கத்தித் தொண்டை கட்டியவன் நான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. யாருக்கும் ஜாஸ்தி இல்லை, யாருக்கும் கம்மி இல்லை. இந்த மொழியிலோ ஒருத்தனுக்கு மட்டும் தலைவாழை இலை போட்டுவிட்டு, மற்றவர்களை வாசலிலேயே நிற்க வைக்கிறார்கள். சமூகநீதி தெரியாத மொழி என்று தீர்ப்புச் சொன்னேன். "நீ எல்லாத்தையும் அழுத்தமா, தெளிவா சொல்லு. தெளிவா சொன்னா எவனுக்கும் புரியும்."

அவள் தெளிவாகச் சொன்னாள். ஐந்து மணியும் சிவந்தன.

கம்ஃபர்டபிள் என்று ஒரு வார்த்தை. நோயாளியிடம் பேசும்போது அடிக்கடி வருமாம். இங்கிலீஷ்காரன் கணக்கிலேயே நான் நாலு அசை எண்ணினேன். போன் மூன்றுதான் காட்டியது. நடுவில் ஒன்றைக் காணோம். திரும்பத் திரும்பக் கேட்டோம். ஆப்பில் பேசுகிற பெண்குரல் ஒவ்வொரு முறையும் கம்ஃப்-ட-பிள் என்று கூசாமல் முழுங்கியது. அப்படி முழுங்குவதாக இருந்தால் எழுதுவானேன் என்று நான் போனைக் கேட்டேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கித் தூரமாக வைத்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் தப்பித்தேன். அது உறுப்புப் பிரிப்பது. பகுதி, விகுதி, இடைநிலை என்று ஒரு சொல்லை அக்கு அக்காகக் கழற்றுவதில் தமிழாசிரியரை அடிக்க ஆள் கிடையாது. இங்கிலீஷிலும் அது நடக்கிறது என்று கண்டதும் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்தது. அவள் அவரைக்காய் நறுக்கியபடி வார்த்தைகளைச் சொல்ல, இருவரும் சேர்ந்து கழற்றினோம்.

"ஹைப்பர்னா?"

"ஜாஸ்தி."

"ஹைப்போன்னா?"

"கம்மி. கிளைக்கோன்னா சக்கர. கடைசில ஈமியா வந்தா ரத்தம்."

"அப்ப ஹைப்போகிளைசீமியா?"

"கம்மி சக்கர ரத்தம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாம் ரத்தத்தில் சர்க்கரை கம்மி என்று பின்னாலிருந்து வருவதை அவர்கள் முன்னாலிருந்து போகிறார்கள், அவ்வளவுதான். ஆஸ்டியோ எலும்பு. போரோ ஓட்டை. பின்னால் ஓசிஸ் வந்தால் கோளாறு, ஐட்டிஸ் வந்தால் எங்கேயோ வீங்கியிருக்கிறது. கேஸ்ட்ரோ வயிறு, என்டரோ குடல், ஐட்டிஸ் சேர்ந்தால் ஊர்ப் பக்கம் வாந்திபேதி. இவ்வளவு தூரம் சுற்றி வந்து சொல்வதற்கு ஒரு பரீட்சை வேறு.

கழற்றிக்கொண்டே போகும்போது விகுதிகளின் அட்டகாசம் தெரிய வந்தது. ஹாஸ்பிட்டலுக்கு அழுத்தம் முதல் அசையில். அதன் பின்னால் ஒரு சின்ன விகுதியை ஒட்டி ஹாஸ்பிட்டாலிட்டி என்று ஆக்கினால் அழுத்தம் டாவுக்கு ஓடிவிடுகிறது. ஹாஸ்பிட்டலைசேஷன் என்றால் அங்கிருந்தும் கிளம்பி சேவில் போய் உட்காருகிறது. கடைசியாக வந்த மருமகள் வீட்டுச் சாமானை எல்லாம் இடம் மாற்றி வைக்கிற கதைதான். ஐட்டிஸ் வந்தால் ஐயில் அழுத்து, ஓசிஸ் வந்தால் ஓவில் அழுத்து, ஷன் வந்தால் அதற்கு முன்னால் நிற்கிறவனை அழுத்து. இந்த விதிகளைப் பிடித்ததும் நான் பெருமையில் அன்றைக்குச் செய்தித்தாளைத் தொடவில்லை.

விதி தெரிந்தது. வாயில்தான் வரவில்லை. அழுத்து என்றால் அவள் நீட்டினாள். நீட்டாதே என்றால் கத்தினாள். கத்தாதே என்றால் பழையபடி தையல் மெஷின் ஓடியது.

வெள்ளைக்காரர் யாரிடமாவது நேரில் கேட்டால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் போனால் நடக்க இடமில்லாமல் வெள்ளைக்காரர்கள். ஒரு காபிக் கடையில், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தினமும் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவை அணுகினோம். அவர் மகிழ்ச்சியோடு எல்லா வார்த்தையையும் சொல்லிக் காட்டினார். எல்லாவற்றுக்கும் கடைசி அசையில் அழுத்தினார். அந்த வாரம் முழுக்க வீட்டில் என் மனைவி ஹாஸ்பித்தால், டாப்லெத் என்று வாலைத் தூக்கியபடி பேசிக்கொண்டிருந்தாள். போன் சிவப்பைத் தவிர வேறு நிறமே காட்டவில்லை. பிறகு விசாரித்ததில் அந்த அம்மா பிரான்ஸ்காரர் என்று தெரிந்தது. அவர்கள் ஊரில் அழுத்தம் கடைசியில்தானாம். வெள்ளையாக இருப்பதெல்லாம் இங்கிலீஷ் என்று நினைத்த என்னைத்தான் உதைக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். உதைக்கவில்லை, சொன்னதோடு சரி.

தேர்வு நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. ஒரு நாள் சிங்க்கில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, "எனக்கு வராதுங்க. நம்ம வாயே அப்படித்தான் போலருக்கு" என்றாள். அப்போது எனக்கு இரண்டு நினைப்பு ஒன்றாக வந்தது. ஒன்று, இவள் அழக் கூடாது. இன்னொன்று, வராவிட்டால் போக மாட்டாள். இரண்டாவது நினைப்பைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, "நாளைக்கு இன்னொரு தடவ பாக்கலாம்" என்று பாத்திரத்தைத் தேய்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. அடுத்த சனிக்கிழமை சென்னையில் தேர்வு. கிரிவலம் போய்ச் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றாள். பௌர்ணமி கூட்டம் என்றாலே வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் நான். ஆனால் அவள் கிரிவலப் பாதையிலேயே பிறந்தவள். வாசலில் வந்து நின்றால் உலகமே வெறுங்காலோடு நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவள். சரி என்று மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பினோம்.

ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு நடந்தோம். செங்கம் ரோட்டை விட்டுப் பாதை வலது பக்கம் திரும்பியதும் கொஞ்சம் மரம், கொஞ்சம் நிழல். "சும்மா நடக்கிற நேரத்துல வார்த்தையச் சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன்" என்றாள். பக்கத்தில் சுக்கு காபிக்காரர் ஸ்பீக்கர் வைத்திருந்தார். வெள்ளரிக்காய் வண்டியில் ஒரு ஸ்பீக்கர். ருத்திராட்சக் கடையில் ஒன்று. நான் கத்திச் சொன்னால்தான் அவள் காதில் விழும்.

"அப்பெண்டிசைட்டிஸ்" என்று கத்தினேன்.

"அப்பெண்டிசைட்டிஸ்" என்று அவளும் கத்தினாள்.

"அப்பெண்டிசைட்டிஸ்" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

மலையில் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். அடுத்து ஆஸ்டியோபொரோசிஸ் சொன்னேன். அவள் சொன்னாள். பின்னாலும் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால், சித்தூர் பக்கத்திலிருந்து வந்த பெண்கள், முப்பது நாற்பது பேர் இருக்கும், நெற்றி நிறையக் குங்குமத்தோடு கைகூப்பிக்கொண்டு எங்கள் பின்னால் வருகிறார்கள்.

கிரிவலப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் ஒன்றைச் சொன்னால் பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்வார்கள். யார் சொல்கிறார், என்ன பாஷை, எந்தச் சாமி என்று யாரும் விசாரிப்பதில்லை. தெலுங்குக்காரர் சொல்வதைத் தமிழர் சொல்வார், கன்னடக்காரர் சொல்வதைத் தெலுங்கர் சொல்வார். சொன்னால் புண்ணியம், அர்த்தம் சாமிக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அந்தப் பெண்கள் எலும்புத் தேய்மானத்தைப் பக்தியோடு உச்சரித்துக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு மானம் போயிற்று. "நிறுத்திடலாம்" என்று முணுமுணுத்தேன்.

"இப்ப நிறுத்துனா பாதியில மந்திரத்த விட்ட மாதிரி ஆயிடும். அவங்க மனசு கஷ்டப்படும். சொல்லுங்க" என்றாள்.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அவளே எடுத்தாள். என்னைத் தாண்டி இரண்டடி முன்னால் போய், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்று குரல் கொடுத்தாள். தையல் மெஷின் மாதிரியேதான் வந்தது. பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு இடத்தில் ஆரம்பித்து ஆளுக்கு ஒரு இடத்தில் முடித்தார்கள். சந்தைக் கூச்சல். அவள் முகம் சுளித்தாள். கூட்டத்தை முன்னால் நின்று நடத்துகிறவர்கள் எப்படிக் குரல் கொடுப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து வாசலில் நின்று கேட்டவள் அவள். மறுபடியும் சொன்னாள். இந்த முறை கேஸ்ட்ரோஎன்ட வரைக்கும் கடகடவென்று தாழ்வாக ஓடிவந்து, ரையில் குரலைத் தூக்கிப் போட்டு, டிஸ்ஸை அப்படியே கீழே விட்டாள். நாற்பது பேரும் அந்த ரையில் வந்து ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

நான் நடப்பதை மறந்து நின்றுவிட்டேன். ஒரு பெரியவர் என் முதுகில் மோதி, "ஓரமா நில்லுப்பா" என்றார்.

பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நிமோனியா. டாக்கிகார்டியா. பிராங்கைட்டிஸ். எது வந்தாலும் ஒரு இடத்தில் தூக்கினாள், மற்றதை விட்டுவிட்டாள். தூக்கிய இடத்தைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. வழியில் சேர்ந்துகொண்டவர்களோடு நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டது. நிருதி லிங்கக் கோயிலுக்கு அப்பால் வந்த நல்ல கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியரைப் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, கண்ணை மூடி, ஹைப்போகிளைசீமியா என்று உருகிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவரைக் கடந்தேன்.

அடி அண்ணாமலையில் தண்ணீர் குடிக்க எல்லோரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண்களில் வயதானவர் ஒருவர் என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்துத் தமிழில் கேட்டார்.

"ஏம்மா, இது எந்த சாமி மந்திரம்? நம்ம பக்கம் கேட்டதே இல்ல."

ஏதாவது ஒரு சாமி பேரைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் பொய் சொல்ல மாட்டாள். "மந்திரம் இல்லம்மா. எல்லாம் வியாதிங்க பேரு. எனக்குப் பரிச்ச. அதான் சொல்லிப் பழகினேன். நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள்.

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான் செருப்படிக்குத் தயாரானேன். எல்லோரும் வெறுங்கால் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"அதுவும் சரிதான்மா" என்றார் அவர். "பேரைச் சொல்லி வெரட்டினாதான் எதுவும் போவும். முட்டி வலிய வுட்டுட்டியேம்மா. அதுக்கு இன்னா பேரு?"

"ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்மா."

மிச்ச தூரத்துக்கு அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் அவள் போனை எடுத்தாள். கார்டியாலஜிஸ்ட் என்றாள். குரல் கட்டியிருந்தது. ஐந்து மணியும் பச்சை. அடுத்தது பச்சை. அதற்கு அடுத்ததும் பச்சை. என் கூவிளங்கனியால் மாதக்கணக்கில் ஆகாதது ஒரு சாயங்காலத்தில் ஆகிவிட்டது. "நீங்க எல்லாத்தையும் தெளிவா சொல்லு தெளிவா சொல்லுன்னு என்ன கெடுத்து வச்சிருந்தீங்க" என்று சொல்லிவிட்டுத் தோசை ஊற்றப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது. சந்தோஷத்துக்கும் அடியில், இனி இவள் போய்விடுவாள் என்பது இருந்தது. மூன்று தோசை சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சென்னைக்கு நானும் கூடப் போனேன். தேர்வு நடந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, அதன் பெயர்ப் பலகையில் இரண்டு பிழை இருந்தும் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவ்வளவு பதற்றம். வெளியே வந்தவள் பஸ் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். தேர்வு நடத்தியவர் நோயாளி மாதிரி நடிக்க, இவள் அவருக்கு நோயைப் பற்றி விளக்க வேண்டுமாம். சர்க்கரை திடீரென்று இறங்குவதைப் பற்றி வந்திருக்கிறது.

"ஹைப்போகிளைசீமியான்னு சொன்னேங்க. சொல்லிட்டு நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"பின்னாடி யாராவது சொல்லுவாங்கன்னு. பழக்கதோஷம். யாரும் சொல்லல. அவரு என்னயே பாத்துனு இருந்தாரு. அப்புறம்தான் ஞாபகம் வந்து மேல பேசுனேன். போச்சுங்க."

போயிருக்காது என்று சொன்னேன். போயிருந்தால் என்ன செய்வது என்று அவளும், போகாமல் இருந்தால் என்ன செய்வது என்று நானும் யோசித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

முடிவு ஒரு மத்தியானம் போனில் வந்தது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து போனை என் முன்னால் நீட்டினாள்.

"பாஸாயிட்டேங்க. அன்னிக்கி நிறுத்தினேன் இல்ல, அந்தப் பயிற்சி அம்மாகிட்டச் சொன்னேன். முக்கியமான வார்த்தையச் சொல்லிட்டு நோயாளி யோசிக்க நேரம் குடுத்த மாதிரி நெனச்சிருப்பாங்கன்னாங்க."

"சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். சரியான விடைக்குப் பெரிதாக ஒரு தப்புப் போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை என் கையிலிருந்து எடுத்தாள்.

"சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு. ஆனா நீ போறது எனக்குப் புடிக்கல."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

"அப்புறம் எதுக்குத் தெனமும் ஒக்காந்து சொல்லிக் குடுத்தீங்க?"

"நீ ஆசப்பட்டியே."

அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் போவாம இருந்திருப்பேன்னு பயந்துதான் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சொல்லியிருந்தாலும் போயிருப்பேங்க" என்றாள்.

மூக்கைச் சிந்திக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் தடுமாறாமல் சொன்னாள். எனக்கு வலித்தது. டாக்டர் எதிரில் நின்று கேள்வி கேட்கப் போகிறவள் இப்படித்தான் பேசுவாள் என்று பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் அவளிடமே சொன்னேன். விமானம் ஏறுவதற்கு இன்னும் நாள் இருந்தது. நான் அங்கே போய்ச் சேர விசா அது இதென்று ஒரு வருஷமாவது ஆகும், அதுவும் கிடைத்தால்தான் நிச்சயம்.

அடுத்த நாள் பஜாரில் பெட்டி வாங்கப் போனோம். அவள் சின்னதைக் காட்டினாள். நான் இருப்பதிலேயே பெரியதை இறக்கச் சொன்னேன். கடைக்காரர், எதுக்கு சார் இவ்ளோ பெருசு, யாருக்கு என்று கேட்டார். இவங்க அயர்லாந்து போறாங்க, அங்க குளிர் ஜாஸ்தி, கம்பளித் துணியெல்லாம் வைக்கணும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டுப் பெட்டியின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன். மீதியை அவள் சொல்லி முடித்தாள்.